செய்தி வந்த வழி: மக்கள் தொடர்புச் சாதனங்களும் நம் சமுதாய மாற்றமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

மக்கள் தொடர்புச் சாதனங்களும் பண்பாடும் சமுதாய மாற்றமும் என்பது இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். பொருளோ பெரிது, நேரமோ சிறிது. பத்திரிகை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, கைப்பேசி என்று ஒவ்வொன்றையும் எடுத்து அதன் நன்மை தீமைகளை அடுக்கிச் சொல்லும் சொற்பொழிவுகளை நாம் பள்ளிக்கூட நாள்களிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். அந்த வழியில் இன்று செல்ல வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். செய்தி நம் தெருவுக்கு எந்த வழியாக வந்தது? வரும் வழியில் யார் யார் கையைக் கடந்து வந்தது?

தேநீர்க் கடையிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் நாளேடு படிக்கும் வழக்கம் பரவியதற்குத் தேநீர்க் கடை பெருந்துணையாக இருந்தது என்பர். 1942-ஆம் ஆண்டில் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும் எளிய தமிழில் செய்தியைத் தந்தது. கடைக்கு ஒரு பிரதி வரும். ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். படிப்பறிவு இல்லாதவனுக்கும் உலக நடப்புத் தெரிந்தது என்று இதனைப் போற்றி எழுதியவர் பலர். அது பொய்யன்று.

ஆனால் அந்த நாளேடு எங்கே கிடந்தது? பெஞ்சின்மேல் கிடந்தது. அந்தப் பெஞ்சில் நாம் அமர முடிந்ததா? நம் தந்தையர் தலைமுறையில் எத்தனையோ ஊர்களில் நமக்குத் தனிக் குவளை. அதனையும் நாமே கழுவி வைக்க வேண்டும். கடைக்கு வெளியே நின்றோ குந்தியோ குடிக்க வேண்டும். இரட்டைக் குவளை இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள். பெஞ்சு யாருடையதோ, நாளேடும் அவருடையதே. உள்ளே இருப்பவர் உரக்கப் படித்ததை வெளியே நின்று கேட்டோம். அவர் படிக்காமல் புரட்டிய பக்கம் நமக்கு வந்து சேரவில்லை. படிக்கக் கற்றுக்கொண்ட நம் பிள்ளை ஒருவன் கை நீட்டித் தாளைக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதனைச் சமூகவியலார் ஆராய்ந்திருக்கிறார்கள், வேறொரு நாட்டில், வேறொரு சூழலில். 1940-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி என்னும் மாவட்டத்தில் லாசர்சுபெல்டு என்னும் அறிஞரும் அவர் துணைவரும் ஓர் ஆய்வு நடத்தி 1944-இல் நூலாக வெளியிட்டார்கள். வானொலியும் பத்திரிகையும் நேரே மக்கள் மனத்தை மாற்றிவிடுகின்றன என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். அவர்கள் கண்டதோ வேறு. செய்தி முதலில் ஒரு சிலரை அடைகிறது. அச்சிலர் வாயிலாகவே ஏனையோரைச் சேர்கிறது. அச்சிலருக்குக் கருத்துத் தலைவர்கள் என்று பெயரிட்டார்கள். இரண்டு கட்டங்களில் செய்தி பாய்கிறது என்னும் இக்கோட்பாடு இன்றும் பாடநூல்களில் உண்டு.

அவர்கள் நாட்டில் அக்கருத்துத் தலைவர் பெரும்பாலும் நண்பராக, அண்டை வீட்டாராக, உடன் வேலை செய்பவராக இருந்தார். நம் ஊரில் அவர் யார்? மணியக்காரர், கணக்கர், நிலக்கிழார், கடைக்காரர். முதற் கட்டம் ஊர்த் திண்ணையோடு நின்றது. இரண்டாவது கட்டம் திண்ணையிலிருந்து சேரிக்கு வர வேண்டியது. அது வந்த விதத்தை நாம் அறிவோம். கூலிச் சட்டம் பற்றிய செய்தியும், நிலச் சீர்திருத்தம் பற்றிய செய்தியும், அச்சட்டங்களால் இழப்புக்கு உள்ளாகக் கூடியவர் வாய் வழியாகவே நமக்கு வந்தாக வேண்டும் என்றால், அது எந்த உருவில் வந்து சேரும்? அமெரிக்க ஆய்வு தவறென்று சொல்லவில்லை. அதனை இங்கே கொண்டுவரும்போது நடுவில் நிற்கும் சாதியைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறோம்.

1958-இல் வெளிவந்த நூலொன்றில் டேனியல் லெர்னர் என்பார், நகர வாழ்வும் எழுத்தறிவும் செய்திச் சாதனங்களும் பெருகப் பெருகப் பழஞ்சமுதாயம் தானே மாறும் என்றார். மேற்காசிய நாடுகளை ஆராய்ந்து சொன்னது அது. தன் நிலையை விட்டுப் பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் ஆற்றலைச் செய்திச் சாதனங்கள் வளர்க்கின்றன என்பது அவர் கருத்து. நமக்கு அந்த ஆற்றல் என்றுமே குறைவில்லை. ஆண்டையின் முகம் பார்த்து அவர் மனம் அறிந்தே பிழைத்தவர்கள் நாம். அந்த ஆற்றல் வளர வேண்டிய இடம் வேறு.

நம் நாட்டிலேயே நடந்த இரண்டு முயற்சிகளைச் சொல்ல வேண்டும். 1956-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையோடு அகில இந்திய வானொலி, புனே வட்டாரத்தில் ஏறத்தாழ 150 ஊர்களில் உழவர் வானொலி மன்றங்களை அமைத்தது. ஊரார் கூடியிருந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள். கேட்டபின் அதனைப் பற்றிப் பேசி விவாதிப்பார்கள். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு நன்கு வளர்ந்ததாக ஆய்வு காட்டியது. கேட்பது மட்டும் போதாது. கேட்டவர் கூடிப் பேச வேண்டும். நம் சங்கத்தின் இரவுப் பள்ளியில் நாளேட்டைப் படித்துவிட்டு அரை மணி நேரம் பேச வைக்கும் வழக்கம் இருந்ததே, அதுவும் இவ்வகையைச் சேர்ந்ததுதான். புனே ஆய்வைப் படித்துவிட்டு நம் ஆசிரியர்கள் அதனைத் தொடங்கவில்லை.

இரண்டாவது, 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம் நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சித் திட்டம். அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 ஊர்களுக்கு உழவு, உடல்நலம், குடும்ப நலம், பள்ளிப் பாடம் ஆகியவை பற்றிய நிகழ்ச்சிகள் சென்றன. தமிழ்நாடு அத்திட்டத்தில் இல்லை. விண்ணிலிருந்து வரும் அலை ஊரென்றும் சேரியென்றும் பார்க்காது. ஆனால் ஊருக்கு ஒரு பெட்டி. அதனைப் பொது இடத்தில் வைத்தாக வேண்டும். பெட்டி பொதுவானது, சரி. இடம் பொதுவானதா? எந்தத் தொடர்புச் சாதனத்தைப் பற்றிப் பேசினாலும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

நமக்கும் இந்தப் பட்டறிவு உண்டு. பஞ்சாயத்து வானொலியின் ஒலிபெருக்கி ஊர்ப் பூங்காவில் இருந்தது. காற்று நம் பக்கம் வீசும் நாளில் செய்தி கேட்டது. பிறகு தொலைக்காட்சி வந்தது. ஞாயிறு மாலைத் திரைப்படத்துக்காக யார் யார் வீட்டு வாசலிலோ, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். உள்ளே வரச் சொன்ன வீடுகளும் இருந்தன. அதை மறைக்கக் கூடாது. படம் முடிந்ததும் நாம் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்த வீடுகளும் இருந்தன.

2006-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடும்ப அட்டைக்கு ஒன்றாக வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கத் தொடங்கியபோது, இலவசம் மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்று எழுதினார்கள். எழுதியவர் வீடுகளில் பெட்டி முன்பே இருந்தது. அத்திட்டத்தின் வரவு செலவைப் பொருளாதார அறிஞர் பேசட்டும். நம் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று: படம் பார்ப்பதற்காக இன்னொருவர் வாசலில் நிற்கும் தேவை நம் பிள்ளைகளுக்கு அன்றோடு ஒழிந்தது.

இனித் திரைப்படம். ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் வெளிவந்த தம் நூலில் ஓர் அரிய கருத்தைச் சொன்னார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதற் கலைக்கூடம் திரையரங்கே என்றும், அங்கே இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, கொடுத்த காசே என்றும் அவர் எடுத்துக்காட்டினார். உண்மை. கோயில் மண்டபத்துக் கச்சேரியிலும் ஊர்த் தெருக்கூத்திலும் நமக்கென்று ஒதுக்கிய தூரம் ஒன்றிருந்தது. டூரிங் டாக்கீசின் தரை டிக்கெட்டில் அது இல்லை. மணலைக் குவித்து உயரமாக்கிக்கொண்டு அமர்ந்தவன் எந்தத் தெருவினன் என்று இருட்டில் யார் கண்டார்?

தரை சமமாயிற்று. திரை சமமாயிற்றா? இதற்கு விடையாக நந்தனார் கதையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரே கதை, சொல்பவர் மாற மாற எவ்வாறு உருமாறிற்று என்பதை அறிந்தால், பண்பாடு என்பது என்ன, அதனை மாற்றுவது எது என்பது தானே விளங்கும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய திருநாளைப்போவார், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்துத் தொண்டு செய்தவர். தில்லையில் தீயில் மூழ்கி வேதியர் வடிவோடு எழுந்து மறைந்தார் என்பது முடிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதனைக் கீர்த்தனையாக்கியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒருவர் கதைக்குள் வந்தார். அவர் நிலம் உடைய வேதியர், நந்தனாரின் ஆண்டை. தஞ்சைப் பகுதிப் பண்ணையடிமை வாழ்வு அவரோடு சேர்ந்து பாட்டுக்குள் வந்துவிட்டது. அனுமதி கேட்டுக் கெஞ்சும் நந்தனாரைத்தான் அதன்பின் தமிழகம் அறிந்தது. 1935-இல் பக்த நந்தனார் திரைப்படமாயிற்று, கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார், அதற்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் என்பது அந்நாளில் பெரும் பேச்சு. 1942-இல் ஜெமினி நிறுவனத்தின் நந்தனாரில் தண்டபாணி தேசிகர் நடித்தார். பாட்டு இனிமையில் மனம் உருகாதவர் இல்லை. நம் பாட்டிமாரும் கண்ணீர் விட்டார்கள். ஆனால் அந்தக் கண்ணீரோடு ஒரு பாடமும் உள்ளே இறங்கிற்று: நல்லவனாயினும் நம்மவன் தீயில் வெந்த பிறகே உள்ளே போகலாம், போகும்போது தன் உருவோடு போக முடியாது.

நம் முன்னோர் இதனை வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பண்டிதர் அயோத்திதாசர் தம் இதழில் நந்தனை வேறு விதமாக எழுதினார். அவர் எழுத்தில் நந்தன் அடியானல்லன், பௌத்த அறம் தழுவிய அரசன், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன். சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் மூன்றாவது வழியைக் கண்டார். அவர் கதையை மறுத்து எழுதவில்லை. 1916-இல் நந்தனார் பெயராலேயே கல்விக் கழகம் நிறுவிப் பள்ளி நடத்தினார். எந்த ஊரில் நந்தன் தீயில் இறங்கினான் என்றார்களோ, அந்த ஊரிலேயே நந்தன் பெயர் தாங்கிய கட்டடத்தில் நம் பிள்ளைகள் பலகை பிடித்து அமர்ந்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிகள் மேற்சாதியின் வழக்கங்களைப் பின்பற்றி உயர முயல்வதைச் சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் 1952-இல் வெளியிட்ட நூலில் சமஸ்கிருதமயமாதல் என்று விளக்கினார். சகசானந்தர் சைவத் துறவி. ஆகவே அவரை அந்தக் கட்டத்துக்குள் அடக்கிவிடலாம் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. பின்பற்றுவதற்கும், பிறர் சொன்ன கதையைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வதற்கும் வேறுபாடு உண்டு.

கதையைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ள அச்சு வேண்டும். இதனை நம்மவர் மிக முன்னதாகவே உணர்ந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையில் தொடங்கிய இதழுக்குப் பறையன் என்றே பெயரிட்டார். எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ, அதே சொல்லை முகப்பில் அச்சிட்டார். முதல் இதழின் 400 பிரதிகள் சென்னையில் இரண்டே நாளில் விற்றன என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1907 ஜூன் 19-இல் அயோத்திதாசரின் ஒரு பைசாத் தமிழன் சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. விலையே பெயராயிற்று, மறு ஆண்டு தமிழன் என்று பெயர் சுருங்கியது. 1914-இல் அவர் மறையும் வரை அவ்வார இதழை நடத்தினார். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் உழைத்த நம்மவர் அதன் வாசகர்கள், 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தமிழனை அங்கேயே மீண்டும் எழுப்பியவர்களும் அவர்களே.

பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் 1920 சனவரி 31-இல் மூக்நாயக் இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். கோலாப்பூர் அரசர் சாகு மகாராசர் 2,500 ரூபாய் உதவினார். இதழ் வருகிறது என்னும் அறிவிப்பைக் காசு கொடுத்தும் வெளியிட அன்றைய பெரும் மராத்தி ஏடான கேசரி மறுத்துவிட்டது. பின்னர் 1927 மார்ச்சு 20-இல் மகாடு குளத்தில் தண்ணீர் எடுக்கும் போராட்டம். இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3-இல், பகிஷ்கிருத பாரத் என்னும் அடுத்த இதழ். குளத்தங்கரையில் நடந்ததை எதிரிகளின் ஏடுகள் எழுதும் வரை அண்ணல் காத்திருக்கவில்லை. 1930-இல் ஜனதா, 1956-இல் அதுவே பிரபுத்த பாரத் ஆயிற்று.

இவ்வளவு தொன்மையான இதழியல் மரபுடைய ஒரு சமுதாயத்துக்குப் பெரும் பத்திரிகைகளின் ஆசிரியர் அறைகளில் கிடைத்த இடம் என்ன? 2006-இல் தில்லியில் அனில் சமடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகியோர் 37 செய்தி நிறுவனங்களின் உயர் பொறுப்புகளில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில் தலைமைப் பொறுப்புகள் 121. அவற்றுள் 106 உயர்சாதியினரிடம். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் நம் கணக்கில் சுழியே. இதனால் விளைவது என்ன என்பதை ஒரு சொல்லைக் கொண்டே காட்டலாம். நம் தெருவில் புகுந்து வீட்டைக் கொளுத்தினால், மறுநாள் ஏட்டில் இரு தரப்பினரிடையே மோதல் என்று வரும். மோதல் என்றால் இருவர் மோத வேண்டுமே! பொய் எழுதவில்லை, சொல்லைத் தேர்ந்தார்கள், அவ்வளவே. காலனி என்னும் சொல்லும் அவ்வாறுதான். நகரத்தில் அது மதிப்பான குடியிருப்பின் பெயர். ஊரில் அது நம்மைச் சுட்டும் விரல். அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து நீக்க ஓர் ஆணை போதும். ஊரார் நாவிலிருந்து நீக்க எத்தனை காலம் ஆகுமோ.

இப்போது இளைஞர்களிடம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி வந்தபின் திண்ணையும் வேண்டாம், பெஞ்சும் வேண்டாம். செய்திக்கும் நமக்கும் நடுவே நின்ற கருத்துத் தலைவர் ஒழிந்தார் என்று மகிழ்ந்தோம். திரையும் மாறிற்று. பா. ரஞ்சித்தின் மெட்ராஸ் 2014-இலும் மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் 2018-இலும் வந்தபோது, நம் தெருவும் நம் வீட்டுச் சுவரும் நாம் வளர்த்த நாயும் திரையில் தம் உருவிலேயே தோன்றக் கண்டோம். சாவு வீட்டுத் தொழிலென்று நம் பெரியவர்கள் போராடிக் கீழே வைத்த பறையை, கலையென்று மேடையில் எடுத்து முழக்குகிறோம். வைத்ததும் சரி, எடுத்ததும் சரி என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் அதே கைப்பேசியில் வேறொன்றும் ஓடுகிறது. ஆண்ட பரம்பரை என்று மார்தட்டும் பாட்டுகளை மற்றவர்கள் அரிவாளோடு படம்பிடித்துப் போடுகிறார்கள். அதற்கு எதிர்ப்பாட்டாக நம் பிள்ளைகளும், அதே மெட்டில், அதே அரிவாளோடு, நாங்களும் ஆண்டவர்களே என்று போடுகிறார்கள். சீனிவாஸ் சொன்ன பின்பற்றல் அன்று பூணூலிலும் புலால் மறுத்தலிலும் இருந்தது. இன்று முப்பது நொடிப் படத்தில் இருக்கிறது. அயோத்திதாசரும் நந்தனை அரசன் என்றாரே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் அந்த அரசனிடம் தேடியது அறத்தை. இன்னொருவனைக் கீழே தள்ளும் உரிமையை அவர் தேடவில்லை. பள்ளியில் கைக்கயிற்றின் நிறம் பார்த்து அடித்துக்கொள்ளும் பிள்ளைகளில் நம் பிள்ளைகள் வெட்டுப்படும் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கிறார்கள். அந்த விளையாட்டின் விதிகளை நாம் வகுக்கவில்லை. அதில் நாம் வெல்லவும் முடியாது. மேலும், எந்தப் படம் உங்கள் கண்ணுக்கு வர வேண்டும் என்பதை இன்று ஒரு கணிப்பொறி முறை தேர்ந்தெடுக்கிறது. சினம் மூட்டுவதே அதிகம் பார்க்கப்படும். அதிகம் பார்க்கப்படுவதே மேலே வரும். திண்ணைக்காரர் போய்விடவில்லை. முகம் தெரியாமல் அமர்ந்திருக்கிறார்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய திட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. தமிழன் இதழின் எழுத்துகள் நெடுங்காலம் நம்மவர்க்கே தெரியாமல் இருந்தன. அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் பழைய தாள்களைக் கரையானுக்குக் கொடுக்காமல் காத்து வைத்திருந்தமையால்தான், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து அவை நூலாக வந்தன. அதனால் அயோத்திதாசரை இன்று பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். வைத்திருந்தவர் எறிந்திருந்தால்?

உங்கள் கையிலிருக்கும் கைப்பேசி ஒலியையும் பதிவு செய்யும். நம் தெருவில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் முழுதாக அறிந்த மூதாட்டியர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வரும் விடுமுறையில் அவர்களிடம் அமர்ந்து பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டுமல்லாமல், யாருக்காக, எந்த வயலில், என்ன கூலிக்குப் பாடினார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

மற்றொன்று. சங்கம் தொடங்கிய மறு ஆண்டில் இரவுப் பள்ளி மாணவர்கள் ஒரு கையெழுத்து இதழ் நடத்தினார்கள். அதில் எழுதியவர்களில் சிலர் இன்று ஆசிரியர்கள், ஒருவர் வழக்கறிஞர். படிப்பகத்தின் கீழ் அலமாரியில் முதல் ஏழு இதழ்கள் இருக்கின்றன. எட்டாவதும் ஒன்பதாவதும் இல்லை. கிணற்றுத் தண்ணீர் வழக்கைப் பற்றி நம் மாணவர் நேரில் கண்டு எழுதியது எட்டாவது இதழில்தான் என்கிறார்கள். யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், எந்த நிலையில் இருந்தாலும், படிப்பகப் பொறுப்பாளரிடம் சேர்த்துவிட வேண்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குமேல் அவர் அங்கே இருப்பார்.